நிலமும் பொழுதும்: கல்லூரி மாணவரின் காலப் பயன்பாடு குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

கல்லூரி மாணவர்க்கு வழங்கப்பெறும் அறிவுரைகளுள் காலத்தை வீணாக்காதே என்பது மிகப் பரவலானது. வரவேற்பு விழா மேடையில் தொடங்கி விடைபெறும் விழா மேடை வரை இவ்வறிவுரை ஒலிக்கக் காணலாம். நேர மேலாண்மை என்னும் பெயரில் இது தனித்துறையாகவும் வளர்ந்துள்ளது. பணிகளை வரிசைப்படுத்துதல், அட்டவணை இடுதல், இன்றியமையாதவற்றை முதலில் முடித்தல் ஆகியன அத்துறை கூறும் வழிமுறைகள். இவற்றின் பயனை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இவ்வறிவுரை ஓர் அடிப்படைக் கருத்தின்மீது நிற்கிறது. ஒரு நாளின் 24 மணி நேரம் செல்வர்க்கும் வறியவர்க்கும், வென்றவர்க்கும் தோற்றவர்க்கும் ஒன்றே. ஆதலின் அதனைப் பயன்கொள்ளாமை அவரவர் குற்றமே என்பது அக்கருத்து. இது கேட்ட அளவில் மறுக்கவியலாததாகத் தோன்றுகிறது. மணியின் எண்ணிக்கை எல்லார்க்கும் ஒன்றுதான். ஆனால் மணியின் உரிமையும் எல்லார்க்கும் ஒன்றா? மாணவர் ஒருவர் தம் காலத்தை வீணாக்கினார் என்று பழி கூறுமுன், அக்காலத்தில் எவ்வளவு அவருடையதாக இருந்தது என்று வினவ வேண்டாவா? இவ்வினாவைத் தமிழ் இலக்கண இலக்கிய மரபின் துணைகொண்டும், அந்தமான் தீவுகளின் தலைநகரை ஒட்டிய மின்னி பே என்னும் பகுதியின் பொழுதை முன்வைத்தும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிவுரையும் அதனைக் கேட்டவரும்

காலம் பற்றிய அறிவுரை உலக இலக்கியங்களில் தொன்மையானது. அது யாரை நோக்கிக் கூறப்பட்டது என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். திருக்குறளில் காலமறிதல் 49ஆம் அதிகாரமாக அமைந்துள்ளது. அது பொருட்பாலின் அரசியலில் இடம்பெறுவது. பகைவரை வெல்லக் கருதும் வேந்தனுக்கு, ஏற்ற பருவம் வரும்வரை அடங்கியிருக்கவும் பருவம் வாய்த்தபோது விரைந்து செயல்படவும் அவ்வதிகாரம் கற்பிக்கிறது. காக்கையும் கூகையும், கொக்கு, போர்க்கடா ஆகியன அங்கு உவமைகளாக வருகின்றன. காலந் தாழ்த்தல், மறதி, சோம்பல், மிகு உறக்கம் ஆகியவற்றைக் கடியும் மடியின்மை அதிகாரமும் அதே அரசியலில்தான் அமைந்துள்ளது.

உரோமானிய மெய்யியலார் செனெக்கா, வாழ்நாளின் குறுமை குறித்துக் கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு நூல் இயற்றினார். வாழ்நாள் குறுகியதன்று, மனிதர் அதனை வீணாக்கிக் குறுக்கிக்கொள்கின்றனர் என்பது அதன் சாரம். அந்நூல் பௌலினஸ் என்பவரை விளித்து எழுதப்பட்டது. அவர் உரோம நகரின் தானிய வழங்கலைக் கண்காணித்த உயர் அலுவலர் என்பது அறிஞர் கருத்து. 1748இல் பெஞ்சமின் பிராங்ளின் காலத்தைப் பணத்தோடு ஒப்பிட்டு வழங்கிய அறிவுரை இளம் வணிகர் ஒருவரை நோக்கியது.

வேந்தன், உயர் அலுவலர், வணிகர் ஆகிய மூவர்க்கும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. அவர்கள் தம் நாளின் பெரும்பகுதியைத் தாமே வகுத்துக்கொள்ளும் ஆற்றல் உடையவர்கள். ஆற்றல் உடையார்க்கே பொறுப்பும் உண்டு; பொறுப்பு உடையாரையே பழித்தலும் பொருந்தும். திருக்குறளின் அதிகார வைப்பும் இதனை வலியுறுத்துவதாகக் கொள்ளலாம். காலமறிதலுக்கு முன் வலியறிதலும் (48) பின் இடனறிதலும் (50) வைக்கப்பட்டுள்ளன. தன் வலியையும் தான் நிற்கும் இடத்தையும் அறிந்தவனுக்கே காலத்தை அறிதல் பயன்தரும் என்பது இவ்வைப்புமுறையால் பெறப்படுகிறது. இன்றைய நேர மேலாண்மை நூல்கள் இம்மூன்றனுள் நடுவிலுள்ள ஒன்றனை மட்டும் பிரித்தெடுத்து மாணவர் கையில் தருகின்றன. மாணவரின் வலி யாது, இடம் யாது என்னும் வினாக்கள் விடுபட்டுப் போகின்றன.

முதற்பொருளாகிய பொழுது

இடத்தையும் காலத்தையும் பிரிக்கலாகாது என்பது தொல்காப்பியத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்த தொல்காப்பியர், நிலத்தையும் பொழுதையும் இணைத்து முதற்பொருள் என்றார். ஓராண்டின் ஆறு பருவங்கள் பெரும்பொழுதாகவும் ஒரு நாளின் கூறுகள் சிறுபொழுதாகவும் அமைந்தன. முல்லைக்குக் காரும் மாலையும், மருதத்திற்கு வைகறையும் விடியலும், நெய்தலுக்கு எற்பாடும் உரியனவாயின. இவ்வமைப்பைப் பாடற்குரிய மரபாக மட்டும் காண்பது வழக்கம். ஆனால் அதனுள் ஒரு மெய்யியல் கருத்தும் உள்ளது. பொழுது என்பது எங்கும் ஒரே தன்மையதாக ஓடும் வெற்று அளவன்று. அது ஒரு நிலத்தின் பொழுது. அந்நிலத்து மக்களின் தொழிலும் உணர்வும் அதனோடு பிணைந்தவை.

இதற்கு மாறான மற்றொரு காலத்தையும் சங்க இலக்கியம் அறிந்திருந்தது. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகளையே உடையது. எனினும் அதனுள் இருவகைக் காலமும் அருகருகே இடம்பெற்றுள்ளன. கார்ப்பருவத்து மாலையில் தலைவன் வரவை நோக்கித் தலைவி காத்திருக்கிறாள். அவளுடைய பொழுது மழையாலும் ஒளியாலும் உணரப்படுவது. பாசறையிலோ நாழிகைக் கணக்கர் நீர்க்கருவியால் பொழுதை அளந்து வேந்தனுக்கு அறிவிக்கின்றனர். அளக்கப்பட்ட காலம் போர்ப்பாசறையில், கட்டளை பிறக்கும் இடத்தில் அமைந்திருப்பது கருதத்தக்கது. பலரை ஒருங்கே இயக்க வேண்டிய இடத்தில் அளவை தேவைப்படுகிறது. அளவையைக் கையில் வைத்திருப்பவர், இயக்கப்படுபவரின் காலத்தையும் தம் கையில் வைத்திருக்கிறார்.

1967இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற கட்டுரையில் ஆங்கிலேய வரலாற்றறிஞர் ஈ.பி. தாம்சன் இதனையே வேறு களத்தில் விளக்கினார். தொழிற்புரட்சிக்கு முன் செய்யும் வேலையே காலத்தின் அளவாக இருந்தது. தொழிற்சாலை வந்தபின் கடிகாரமே வேலையின் அளவாயிற்று. இம்மாற்றத்திற்கு உழைப்பாளரைப் பழக்குவதில் பள்ளிகளும் பங்கு கொண்டன என்பது அவர்தம் கருத்து. கல்வி நிறுவனத்தின் மணியோசையும் பாசறை நாழிகைக் கணக்கின் வழிவந்ததே எனலாம். அம்மணியோசை வேண்டா என்பது இதன் பொருளன்று. பலர் கூடிக் கற்கும் இடத்திற்கு அளவை இன்றியமையாதது. அவ்வளவை யாருடைய நிலத்திற்குரிய பொழுதைக் கொண்டு வகுக்கப்பட்டது என்பதே வினா.

மின்னி பேயின் பொழுது

2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரை ஒட்டியது மின்னி பே. ‘பே’ என்பது விரிகுடாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு. திணை மரபில் நோக்கின் இது நெய்தல் நிலம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். ஆகவே இத்தீவுகளின் மாணவர் நிலை தமிழாய்வுக்குப் புறம்பானதன்று.

இந்தியத் திட்ட நேரம் உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூரை ஒட்டிச் செல்லும் கிழக்கு நெடுவரை 82½ பாகையை அடிப்படையாகக் கொண்டது. போர்ட் பிளேர் ஏறத்தாழ 92¾ பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், அங்குக் கதிரவனின் பொழுது கடிகாரத்தைவிட 41 நிமிடம் முந்தியது. சென்னையிலோ கதிரவன் கடிகாரத்திற்கு 9 நிமிடம் பிந்துகிறது. எனவே இரண்டு நகரங்களிலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டும்போது, கதிரவனின் பொழுதில் 50 நிமிட வேறுபாடு உண்டு. நவம்பர் மூன்றாம் வாரத்தில் சென்னையில் மாலை 5.40 மணியளவில் கதிரவன் மறையும். போர்ட் பிளேரில் 4.50 மணியளவிலேயே மறைந்துவிடும். ஜூன் மாதத்தில் காலை ஐந்து மணியை ஒட்டி அங்கு விடிந்துவிடுகிறது.

இவ்வேறுபாடு முன்னர் ஏற்கப்பட்டிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் போர்ட் பிளேருக்குத் தனி நேரம் இருந்தது; அது கிரீன்விச் நேரத்திற்கு ஏறத்தாழ 6 மணி 10 நிமிடம் முந்தியது. சென்னை வானாய்வகத்தை அடிப்படையாகக் கொண்ட சென்னை நேரம் 5 மணி 21 நிமிடம் முந்தியது. 19ஆம் நூற்றாண்டில் புகைவண்டிகள் அதனைப் பின்பற்றின. 1906 ஜனவரி முதல் நாள் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. எனினும் கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடாது வைத்திருந்தன. பெருநகரங்கள் தம் பொழுதைக் காத்துக்கொள்ளும் வலியுடையனவாய் இருந்தன என்பது இதனால் புலனாகிறது.

ஒரே நாடு ஒரே நேரத்தைப் பின்பற்றுவதில் போக்குவரத்திற்கும் நிருவாகத்திற்கும் பெரும் நன்மை உண்டு. எனினும் அசாம் தேயிலைத் தோட்டங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளித் ‘தோட்ட நேரம்’ கொண்டுள்ளன. 2018இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அறிவியலார் கரண்ட் சயன்ஸ் இதழில், நாட்டிற்கு இரண்டு திட்ட நேரங்கள் இயலும் என எழுதினர். வடகிழக்கு மாநிலங்களோடு அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இரண்டாம் நேரத்தில் அவர்கள் சேர்த்தனர்.

இனி, மின்னி பேயிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவி ஒருவரைக் கற்பனையாக எண்ணிப் பார்க்கலாம். அவர் ஒன்பது மணி வகுப்பில் அமரும்போது கதிரவன் கணக்கில் பொழுது 9.40ஐக் கடந்திருக்கும். நான்கு மணிக்கு வகுப்பு முடிந்து பேருந்துக்கு நின்று வீடு சேர்வதற்குள், ஆண்டின் இறுதித் திங்கள்களில் இருள் சூழ்ந்துவிடும். விளையாட்டு, நூலகம், நண்பரோடு உரையாடல் என மாலைப் பொழுதிற்கு உரியனவாகச் சென்னை மாணவர் கருதும் அனைத்தும் அவர்க்கு இரவின் செயல்களாகின்றன. இருட்டியபின் வெளியே நிற்றல் மகளிர்க்குத் தகாது என்னும் வீட்டு வழக்கும் இருப்பின், மாணவனுக்கு வாய்க்கும் நூலக நேரம் மாணவிக்கு வாய்ப்பதில்லை. மேலை நாட்டு நூலொன்றிலோ சென்னையில் அச்சிட்ட கையேடு ஒன்றிலோ உள்ள மாதிரி அட்டவணை, மாலை ஐந்து முதல் ஏழு வரை நூலகத்தில் பயில்க என அவருக்குக் கூறுமாயின், அது அவருடைய நிலத்தின் பொழுதை அறியாத அட்டவணை ஆகும்.

கடலும் காலத்தை வகுக்கிறது. போர்ட் பிளேரில் ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967இல் தொடங்கப்பட்டது. பிற தீவுகள் பலவற்றிலிருந்து தலைநகருக்குக் கற்க வரும் மாணவர்க்குக் கப்பலே முதன்மையான வழி. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறும் அத்தீவுகளில், கடல் சீறும் நாளில் கப்பல் புறப்படாது. விடுமுறைக்கு ஊர் சென்ற மாணவர் குறித்த நாளில் திரும்பவியலாமை அவர்தம் மடியன்று. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடி இழைவடம் திறந்து வைக்கப்பட்டது. அதுவரை அத்தீவுகளின் இணைய இணைப்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. சென்னையில் சில நிமிடங்களில் இறங்கும் ஒரு நூலுக்காக அங்கு நெடுநேரம் காத்திருத்தல் நேர்ந்தது. கணினிமுன் காத்திருந்த அந்நேரத்தை எந்த அட்டவணையின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வீட்டினுள்ளும் காலம் சமமாகப் பங்கிடப்படவில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டனர். ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் எளிதில் சென்றடைய இயலாத சிற்றூர்கள் அக்கணக்கெடுப்பில் சேர்க்கப்படவில்லை. நாட்டு மக்களின் காலத்தை அளக்கச் சென்றோர்க்கும் அங்குச் சென்று சேர்வது அரிதாயிற்று.

எதிர்வாதங்கள்

இதுகாறும் கூறியவற்றுக்கு மூவகை மறுப்புகள் எழலாம். முதலாவது, முன்னதாக விடியும் நிலத்தில் வாழ்பவர் முன்னதாக எழுந்தால் இழந்த மாலையை வைகறையில் பெற்றுவிடலாமே என்பது. இதில் உண்மை உண்டு. இந்தியாவில் கதிரவன் மறையும் நேரத்திற்கும் சிறார் கல்விக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த பொருளியலார் மௌலிக் ஜக்னானி, கடிகாரப்படி கதிரவன் பிந்தி மறையும் பகுதிகளில் சிறார் பிந்தி உறங்குகின்றனர் என்று கண்டார். பள்ளி தொடங்கும் நேரம் மாறாமையால் அவர்தம் உறக்கம் குறைகிறது. ஒரு மணி நேரத் தாமதத்திற்கு அரைமணி அளவு உறக்கம் இழக்கப்படுவதாகவும், வறிய குடும்பங்களில் இதன் தாக்கம் மிகுதி எனவும் அவர் ஆய்வு கூறுகிறது. அவ்வகையில் முன்னதாக இருட்டும் அந்தமான், மேற்குக் கடற்கரையைவிட நற்பேறு பெற்றது எனலாம்.

இவ்வாய்வு இக்கட்டுரையின் கருத்தை மறுக்கவில்லை, கூர்மைப்படுத்துகிறது. கிழக்கிலுள்ளவர்க்கே இழப்பு என்பதன்று செய்தி. கதிரவனோடு பொருந்தாத அட்டவணை எத்திசையில் இருப்பினும் ஒருவரிடமிருந்து எதையேனும் எடுத்துக்கொள்கிறது. மேற்கில் அது உறக்கத்தை எடுக்கிறது. கிழக்கில் மாலையை எடுக்கிறது. எடுக்கப்பட்டதை ஈடுசெய்யும் வசதி செல்வர்க்கு உண்டு, வறியவர்க்கு அரிது. வைகறையில் எழுந்து கற்கலாம் என்னும் அறிவுரை, தண்ணீர் பிடித்தலும் சமைத்தலும் வைகறைக் கடனாக இல்லாதவர்க்கே பொருந்தும்.

இரண்டாவது மறுப்பு வலிமையானது. இடரெல்லாம் புறத்தே உள்ளன என்று கூறுவது மாணவர்க்குச் சாக்குப்போக்கு வழங்குவதாகாதா? கைப்பேசியில் மணிக்கணக்காக ஆழ்ந்திருப்பவர், தேர்வுக்கு முன்னிரவு வரை நூலைத் தொடாதவர் ஆகியோர்க்கும் நிலத்தையும் பொழுதையும் காட்டி விலக்கு அளிக்கலாமா? அளிக்கலாகாது என்பதே விடை. தம் கையிலிருந்த காலத்தைத் தாமே சிதறவிட்டவர் பழிக்குரியவரே. ஆனால் பழியின் அளவு உரிமையின் அளவைக் கடத்தல் கூடாது. நான்கு மணி நேரம் தமதாக உடையவர் இரண்டு மணியை வீணாக்குவதும், ஒரு மணி நேரமே உடையவர் அரைமணியை வீணாக்குவதும் விகிதத்தால் ஒன்றே. இருவரையும் தேர்வு மதிப்பெண்ணால் மட்டும் நிறுப்பவர், முன்னவரைக் காலம் போற்றுபவர் என்றும் பின்னவரைச் சோம்பர் என்றும் அழைப்பர். இங்குத்தான் அறிவுரை அநீதியாகத் திரிகிறது.

மூன்றாவது மறுப்பு, காலத்தை உரிமைப் பொருளாகக் கருதுவதே பொருந்தாது என்பது. யாக்கை, செல்வம் போலவே நாளும் நிலையாதது என்பதைத் திருக்குறளின் நிலையாமை அதிகாரம் உணர்த்துகிறது. நிலையாத ஒன்றனுக்கு உரிமை கொண்டாடுவது எங்ஙனம்? நிலையாதது என்பதனாலேயே அதனைக் காத்தல் வேண்டும் என்பது விடையாகும். இழந்த பொருளை ஈட்டலாம். பறிக்கப்பட்ட நிலத்தை மீட்கலாம். இழந்த பருவத்தை மீட்க வழியில்லை. பதினெட்டு முதல் இருபத்தொன்று வரையிலான அகவை ஒருவர்க்கு ஒருமுறையே வாய்ப்பது.

சிறைக்குள் பெற்ற கல்விக் காலம்

உரிமையும் ஒழுக்கமும் ஒன்றையொன்று வேண்டி நிற்பதற்கு, அதே போர்ட் பிளேரில் ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. 1896இல் தொடங்கிய செல்லுலார் சிறையின் கட்டுமானம், இந்தியத் திட்ட நேரம் பிறந்த 1906ஆம் ஆண்டில் நிறைவுற்றது. நடுக்கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகளாக விரிந்த அச்சிறையில் ஒவ்வொருவரும் தனித்தனி அறையில் அடைக்கப்பட்டனர். செக்கிழுத்தலும் நார் உரித்தலும் நாளின் கடமைகள். அங்குக் கைதியின் காலம் முழுவதும் சிறையினுடையது. காலத்தை முறையாகப் பயன்படுத்துக என்று அக்கைதிக்கு அறிவுரை கூறுவது எத்துணைப் பொருந்தாமை என்பது சொல்லாமலே விளங்கும்.

1933 மே மாதத்தில் அரசியல் கைதிகள் அங்கு உண்ணாநோன்பு மேற்கொண்டனர். உண்ணத்தக்க உணவு, படுக்கை ஆகியவற்றோடு, கற்கவும் ஒருவரோடொருவர் பேசவும் உரிமை வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் அப்போராட்டத்தில் உயிர்நீத்தனர். 46 நாட்களுக்குப்பின் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. அதன்பின் சிறையினுள் வாசிப்பு வட்டங்களும் வகுப்புகளும் உருவாயின. அறிந்தவர் கற்பித்தனர், அறியாதவர் கற்றனர். கைதிகள் அச்சிறையைத் தம் பல்கலைக்கழகமாக ஆக்கிக்கொண்டனர் என்று பின்னாளில் நினைவுகூரப்படுவது இதனாலேயே. 1938 தொடக்கத்திற்குள் அரசியல் கைதிகள் அனைவரும் தாய்நிலத்திற்கு அனுப்பப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு கூறுகளைப் பிரித்துணர வேண்டும். கற்பதற்கான காலம் முதலில் பெறப்பட்டது. பின்னரே அது முறையாகப் பயன்படுத்தப்பட்டது. பெறாத காலத்தைப் பயன்படுத்தியிருக்க இயலாது. பெற்றபின் ஒழுக்கமின்றி விட்டிருப்பின் அம்மூவரின் இறப்பு பொருளற்றதாகியிருக்கும். மேலும், அக்காலம் தனியொருவரின் முயற்சியால் பெறப்படவில்லை. தனியொருவரின் உயர்வுக்காகவும் செலவிடப்படவில்லை. நேர மேலாண்மை நூல்கள் காலத்தைத் தனியாளின் முதலீடாகவே காண்கின்றன. ஒருவர் காலம் மற்றொருவர் காலத்தால் பெருகவும் குறையவும் கூடும் என்பதனை அவை எண்ணுவதில்லை. சிறைக்கைதியையும் கல்லூரி மாணவரையும் ஒப்பிடுவது இங்கு நோக்கமன்று. மிக நெருக்கடியான சூழலில் தெளிவாகத் தெரியும் ஓர் உண்மை, நெருக்கடி குறைந்த சூழலில் மங்கலாகவேனும் உள்ளது என்பதே கருத்து.

பிறர் காலத்தைக் கவராமை

ஒருவர் காலம் மற்றொருவரால் குறையக்கூடும் எனின், அக்குறைப்பு ஓர் அறப்பிழை ஆகிறது. திருக்குறளின் கள்ளாமை அதிகாரம் பிறர் பொருளை வஞ்சித்துக் கொள்ளக் கருதும் கருத்தையே குற்றமாகக் கொள்கிறது. பொருளினும் அரிது காலம் என்று மேடைதோறும் கூறுவோர், பிறர் காலத்தைக் கவர்தல் பொருளைக் கவர்தலினும் பெரிய களவு என்னும் முடிவையும் ஏற்றாக வேண்டும். கவர்ந்த பொருளைத் திருப்பித் தரலாம். கவர்ந்த காலத்தைத் திருப்பித் தரவியலாது.

இந்நோக்கில் காணின் கல்வி நிறுவனங்களின் கடமை தெளிவாகிறது. ஒரு சான்றிதழுக்காக ஒரு மாணவரைப் பலமுறை வரச்செய்தல், முன்னறிவிப்பின்றி வகுப்பை நீக்குதல், விழாவிற்கு வரும் சிறப்பு விருந்தினர்க்காக நூற்றுக்கணக்கானோரை வெயிலில் காத்திருக்க வைத்தல், தேர்வு முடிவுகளைக் காலந் தாழ்த்தி அடுத்த படிப்பிற்கான வாய்ப்பை இழக்கச் செய்தல் ஆகியன எங்கும் காணத்தக்கன. அவை நிருவாகக் குறைகள் என்றே பேசப்படுகின்றன. அவற்றைக் கள்ளாமைக்கு மாறான செயல்கள் என்று பேசுதலே பொருந்தும். ஐந்து நிமிடம் பிந்தி வந்த மாணவரை வாயிலில் நிறுத்தும் நிறுவனம், தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட மணிகளுக்குக் கணக்கு வைப்பதில்லை. முக்கால் பங்கு வருகை வேண்டும் என்னும் விதி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. கப்பல் புறப்படாமையால் வராதவரையும் உறங்கியதால் வராதவரையும் அவ்விதி ஒரே எண்ணால் குறிக்குமாயின், அது காலத்தைக் கணக்கிடுகிறதே அன்றி அறிவதில்லை.

ஆசிரியர்க்கும் இது பொருந்தும். ஆயத்தமின்றி வகுப்பிற்குச் செல்லும் ஆசிரியர், அறுபது மாணவர் அமர்ந்துள்ள அறையில் ஒரு மணி நேரத்தை வீணாக்கவில்லை, அறுபது மணி நேரத்தை வீணாக்குகிறார். இக்கணக்கு எளியது, எனினும் நேர மேலாண்மை பற்றிய பயிலரங்குகளில் இது பேசப்படுவது அரிது. குடும்பத்திற்கும் இது பொருந்தும். மகனுக்குப் படிக்கும் நேரத்தையும் மகளுக்கு வேலை நேரத்தையும் வகுத்துவிட்டு, இருவர் மதிப்பெண்ணையும் ஒப்பிடும் வீடு, தான் வகுத்த பங்கீட்டை மறந்துவிடுகிறது.

மாணவர்க்கும் இவ்வறம் உண்டு. உடன்பயில்வோரின் படிப்பு நேரத்தைக் கலைத்தல், கூட்டுப்பணியில் தம் பங்கைப் பிறர் தலையில் சுமத்துதல், விடுதியில் பிறர் உறக்கத்தைக் கெடுத்தல் ஆகியனவும் காலக் களவே. தம் காலத்தைப் போற்றுதல் அறிவுடைமை. பிறர் காலத்தைப் போற்றுதல் அறம். முன்னதை மட்டும் கற்பிக்கும் கல்வி திறமை மிக்கவரை உருவாக்கலாம். சான்றோரை உருவாக்குமா என்பது ஐயத்திற்குரியது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. காலம் பற்றிய பழைய அறிவுரைகள் தம் காலத்தைத் தாம் ஆளும் ஆற்றலுடையாரை நோக்கியன; அவற்றை அவ்வாற்றல் குறைந்த மாணவர்க்கு அப்படியே பெயர்த்துரைப்பது பொருந்தாது. நிலமும் பொழுதும் ஒருங்கே முதற்பொருளாகும் என்னும் தொல்காப்பியக் கொள்கை, செய்யுளுக்கு மட்டுமன்றிக் கல்விக்கும் அட்டவணைக்கும் உரிய உண்மையாகும். மாணவர்மீது சுமத்தும் பழி அவர்க்கு உரியதாயிருந்த காலத்தின் அளவைக் கடத்தலாகாது. காலத்தை வீணாக்காமை என்னும் அறத்தின் மறுபாதி, பிறர் காலத்தைக் கவராமை என்பதாகும்.

நாட்டிற்கு இரண்டு திட்ட நேரங்கள் வேண்டுமா என்பது அரசு முடிவு செய்ய வேண்டியது. ஆனால் ஒரு கல்லூரி தன் வகுப்பு தொடங்கும் மணியையும், நூலகம் திறந்திருக்கும் மணியையும், மழைக்காலத்து வருகைக் கணக்கையும் தன் நிலத்தின் பொழுதறிந்து அமைத்துக்கொள்வதற்கு நாடு தழுவிய சட்டம் தேவையில்லை. மின்னி பேயில் நவம்பர் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டுகிறது. அவ்விருளில் வீடு திரும்பும் மாணவியிடம் காலத்தைப் போற்றுக என்று கூறுதல் தவறன்று. அவ்வாறு கூறும் நிறுவனம், அன்றைய பகலில் அவருடைய காலத்தைத் தானும் போற்றியதா என்று முதலில் தன்னை வினவிக்கொள்ளுதல் வேண்டும்.